வசந்தகாலக் காட்டில் காளான் தேடப் போகிறவர்களுக்கு: முதல் வருட வழிகாட்டி

இரண்டு வசந்தங்கள் வெறுங்கூடையோடு திரும்பிய பிறகுதான் என் கையால் முதல் மோரல் காளானைப் பறித்தேன். ஒருமுறை, என் பர்மிட் செல்லாத இடத்தில் நின்றுகொண்டு காட்டுக் காவலருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. இன்னொருமுறை விஷக்காளான் ஒன்றை மோரல் என்று நம்பி, கழுவித் துடைத்து அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது எது என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

குளிர்காலம் முடிந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கும் குளிர்நாட்டுக் காடுகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இதுவரை ஒரு காட்டுக் காளானைக்கூடப் பறித்ததில்லை என்று வைத்துக்கொள்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அதிலும் இரண்டாவது படியை முடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

1. முதல் வருடம் ஒரே ஒரு காளான் போதும்

புதிதாக வருகிறவர்கள் பத்துப் பதினைந்து காளான்களின் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு காட்டுக்குள் நுழைகிறார்கள். படத்தில் தெளிவாக இருந்தவையெல்லாம் சருகுக்கு நடுவே பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். வசந்தத்துக்கு அது மோரல். இமயமலைப் பக்கத்தில் குச்சி (guchhi) என்று சொல்வது இதைத்தான்.

மோரலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் குடை கிடையாது, குடைக்கு அடியில் விசிறி மடிப்புபோல இருக்கும் தகடுகளும் கிடையாது. தேன்கூடு ஒன்றை நீளவாக்கில் உருட்டித் தண்டின்மேல் வைத்ததுபோலத் தலை முழுக்கக் குழிகுழியாக இருக்கும். ஆளைக் கொல்லும் காளான்களில் பெரும்பாலானவை குடையும் தகடும் உள்ளவை. அந்தக் கூட்டத்தோடு குழம்பாத ஒன்றில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. மோரலுக்கும் போலிகள் உண்டு. ஆனால் அவை சிலவே, கத்தியால் பிளந்தால் பிடிபட்டுவிடும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆசை வரும். ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் நாளை ஒட்டிப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் ஒரு வெள்ளைக் காளான் முளைக்கும். அரைத்த மாவின் வாசனை அடிக்கும். அதற்கு அந்த நாளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நல்ல காளான்தான். ஆனால் அதே பருவத்தில், இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே தெரியும் இனோசைப் வகைக் காளான் ஒன்றும் முளைக்கிறது. அதைக் கசக்கினால் மெல்லச் சிவக்கும். அதில் இருக்கும் மஸ்கரின் என்ற நஞ்சு உயிரை வாங்கக்கூடியது. முதல் வருடத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் உங்களுக்கு இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. வெள்ளைக் காளான் எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

2. யாருடைய நிலம் என்று முதலில் பாருங்கள்

காடு என்றால் பொது, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். என்னிடம் பர்மிட் இருந்தது. ஆனால் அது நான் நின்றிருந்த இடத்துக்குச் செல்லாது. ஒரே காட்டின் நடுவே ஒரு ஓடை ஓடுகிறது. இந்தக் கரை ஒரு துறையின் கையில், அந்தக் கரை இன்னொரு துறையின் கையில். நான் ஓடையைத் தாண்டியிருந்தேன். பறித்ததைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அபராதம் போடாமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, தானாக முளைத்த காட்டுக் காளானைச் சொந்த உபயோகத்துக்குப் பறிப்பது திருட்டாகாது. விற்பதற்குப் பறித்தால் ஆகும். அதற்காக அடுத்தவர் நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையலாம் என்று அர்த்தம் இல்லை. இத்தாலியின் பல பகுதிகளில் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் சில மாநிலங்களில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் காட்டுக்குக் காடு விதி மாறும்: ஒன்றில் இலவச பர்மிட், ஒன்றில் கட்டண பர்மிட், ஒன்றில் சிறிய அளவுக்கு எதுவுமே வேண்டாம்.

எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அந்தக் காட்டை நிர்வகிக்கும் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து இவற்றைக் கேளுங்கள்:

- சொந்த உபயோகத்துக்குக் காளான் பறிக்கலாமா? பர்மிட் வேண்டுமா, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளைக்குச் செல்லும்?
- ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு? எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா?
- எந்தப் பகுதிகள் மூடப்பட்டிருக்கின்றன? வரைபடம் தருவார்களா?
- பறித்ததை எப்படி எடுத்துவர வேண்டும்?

கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சில காடுகளில், சொந்த உபயோக பர்மிட்டில் பறிக்கும் மோரலைப் பறித்த இடத்திலேயே நீளவாக்கில் இரண்டாக வெட்டியாக வேண்டும். வெட்டிய காளானை வியாபாரி வாங்கமாட்டார் என்பதுதான் காரணம். முழுசாக எடுத்துவந்தால் விற்பதற்குப் பறித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பர்மிட்டோடு வரைபடம் தந்தால் இரண்டையும் அச்செடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. போனில் இருக்கிறது, இதோ காட்டுகிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். அவர் சம்மதித்தால், எந்தத் தேதி, எந்தப் பகுதி என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் வந்து கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

3. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

அதிகமாகச் செலவாகப் போவது போக்குவரத்துக்குத்தான். ஒரு பருவத்தில் நாலைந்து முறையாவது போய்வர வேண்டியிருக்கும், பாதி நாட்களில் கையில் எதுவும் இருக்காது. அதனால் தூரத்துக் காட்டைவிட அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் சுமாரான காடே மேல். வாரத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்க முடியும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை என்று பார்த்தால், உங்கள் பகுதிக் காளான்களைப் பற்றிய புத்தகம் ஒன்று (வேறு கண்டத்துக்கான புத்தகம் உதவாது, ஆபத்தும்கூட), மண் வெப்பமானி ஒன்று, மடக்குக் கத்தி ஒன்று, முனை கூரான சாமணம் ஒன்று, ஒரு விசில். உள்ளூர்க் காளான் சங்கம் இருந்தால் அதன் உறுப்பினர் சந்தாவுக்கு முதலிடம் கொடுங்கள். நான் வாங்கிய எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான்.

கூடை வீட்டில் இருப்பதே போதும். இல்லாவிட்டால் காகிதப் பைகள் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே வேர்த்து, வீடு வருவதற்குள் காளான் கூழாகிவிடும். கெட்டுப்போன நல்ல காளானும் வயிற்றைக் கெடுக்கும். காளான் தூரிகை, தனிப்பட்ட காளான் கத்தி என்று விற்பவையெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு இருக்கட்டும்.

4. தேதியைப் பார்க்காதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

என் முதல் இரண்டு வசந்தங்கள் வீணானது இதனால்தான். போன வருடம் இந்தத் தேதியில் கிடைத்தது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதே தேதியில் போனேன். ஒரு வருடம் சீக்கிரம், மறு வருடம் தாமதம்.

மோரலுக்கு மண்ணின் சூடுதான் கணக்கு. மேல்மண் சுமார் 10 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அது தலைகாட்டத் தொடங்கும். வெப்பமானியை ஒரு விரல் நீளத்துக்கு, அதாவது 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்தி, இரண்டு நிமிடம் விட்டுப் படியுங்கள். வெயில் விழும் இடத்தில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை. பகலில் 15 முதல் 20 டிகிரி, இரவில் 5 டிகிரிக்குக் குறையாமல், நடுவில் ஒரு நல்ல மழை. இப்படி நாலைந்து நாள் தொடர்ந்தால் வேலைக்கு விடுப்பு சொல்லிவிடலாம்.

ஒரே காட்டிலும் எல்லா இடமும் ஒரே நாளில் சூடாவதில்லை. வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவுகளில் முதலில் வரும், வடக்கு பார்த்த சரிவுகளில் கடைசியாக வரும். மலைப்பகுதி என்றால் அடிவாரத்தில் தொடங்கி வாரம் ஆக ஆக மேலே ஏறிக்கொண்டே போகும். இது தெரிந்தால் இரண்டு வாரப் பருவத்தை ஐந்தாறு வாரமாக நீட்டலாம். சூரியன் பார்க்கும் பக்கத்தில் காளான் முற்றிக் காய்ந்திருந்தால் மனம் தளர வேண்டாம், மலையின் மறுபக்கம் போங்கள்.

5. காளானைத் தேடும் முன் மரத்தைத் தேடுங்கள்

தரையைப் பார்த்தபடியே கிலோமீட்டர் கணக்கில் நடப்பது கழுத்து வலிக்குத்தான் வழி. முதலில் தலையை நிமிர்த்தி மரங்களைப் பாருங்கள். ஆஷ், எல்ம், டியூலிப் மரம், பழைய ஆப்பிள் மரம் இவற்றைச் சுற்றி மோரல் வர வாய்ப்பு அதிகம். அதிலும், சமீபத்தில் பட்டுப்போய்ப் பட்டை உரியத் தொடங்கிய எல்ம் மரத்தைக் கண்டால் நின்று சுற்றிப் பார்க்காமல் நகராதீர்கள். இலை இல்லாத மரத்தை அடையாளம் காண்பது தனிப் பாடம். அதைக் குளிர்காலத்திலேயே, வேறு வேலை இல்லாதபோது, பட்டையையும் மொட்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஊசியிலைக் காடுகள் எரிந்த இடங்களில், தீக்கு அடுத்த வசந்தத்தில் மோரல் கொத்துக்கொத்தாக வரும். வட அமெரிக்காவின் மேற்கில் இதற்காகவே ஆட்கள் திரள்கிறார்கள். புதியவர்கள் அங்கே போக வேண்டாம் என்பேன். கருகி நிற்கும் மரம் காற்றே இல்லாமல் சாயும். வேர் எரிந்துபோன பள்ளங்களைச் சாம்பல் மூடியிருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும்.

சில இடங்களில் காளான் கிடைத்தாலும் பறிக்கக் கூடாது. சாலையோரம், ரயில் பாதையோரம், மருந்து தெளிக்கும் புல்வெளி, பழைய தொழிற்சாலை நிலம். காளான் மண்ணில் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பழைய ஆப்பிள் தோட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த பூச்சிமருந்தை ஏராளமாகத் தெளித்தார்கள். அது மண்ணை விட்டுப் போவதில்லை. மோரல் மண்டிக் கிடந்தாலும் அந்தத் தோட்டத்தின் வரலாறு தெரியாமல் கூடையை நிரப்பாதீர்கள்.

6. உண்ணியும் வழியும்

காளானும் உண்ணியும் ஒரே பருவத்துக்காரர்கள். முழுக்கால் பேன்ட் போட்டு அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வெளிர் நிறத் துணி நல்லது, ஏறும் உண்ணி கண்ணில் படும். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முழங்காலின் பின்பக்கம், இடுப்பு மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். லைம் நோய்க் கிருமி உடம்புக்குள் இறங்க, பெரும்பாலும், ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ பரவும் சிவப்பு வளையமோ வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

வழி தவறுவது ரொம்பச் சுலபம். தரையைப் பார்த்துக்கொண்டே, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று திரும்பித் திரும்பி நடப்போம். தலையை நிமிர்த்தினால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி, வண்டி நிறுத்திய இடத்தைக் குறித்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

7. பறிப்பதும் பிளந்து பார்ப்பதும்

ஒன்றைப் பார்த்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். ஓடிப்போய்ப் பறிக்கத்தான் கால் துடிக்கும். ஆனால் நீங்கள் மிதிக்கப் போகும் இடத்தில் இன்னும் நான்கு இருக்கலாம். அப்படியே குந்தி உட்காருங்கள். மோரலின் நிறம் சருகின் நிறம். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தரை மட்டத்திலிருந்து பார்த்தால் அது தனியாக நிமிர்ந்து நிற்பது தெரியும். ஒன்று கிடைத்த இடத்தில் பத்து நிமிடமாவது செலவிடுங்கள்.

கத்தியால் அறுப்பதா, கையால் திருகி எடுப்பதா என்று கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், எப்படிப் பறித்தாலும் அடுத்தடுத்த வருட விளைச்சல் குறையவில்லை என்றும், மனிதர்கள் மிதித்த இடத்தில்தான் காளான் குறைந்தது என்றும் தெரிந்தது. ஆக, கையைவிடக் காலில்தான் கவனம் வேண்டும். மோரலை மண் ஒட்டாமல் அடியில் அறுங்கள், கூடை சுத்தமாக இருக்கும். இன்னது என்று தெரியாத காளானைப் படிப்பதற்காக எடுத்தால் மட்டும் வேரடி மண்ணோடு தோண்டி எடுங்கள். மிகக் கொடிய அமானிட்டா வகைகளின் முக்கிய அடையாளம், தண்டின் அடியில் மண்ணுக்குள் புதைந்திருக்கும் கிண்ணம் போன்ற உறை. தரையோடு அறுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும்.

இப்போது அந்தக் கத்தி. பறித்த ஒவ்வொன்றையும், ஒன்று விடாமல், தலை உச்சியிலிருந்து தண்டின் அடி வரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள்.

உண்மையான மோரல் உள்ளே முழுவதும் வெறும் கூடு. தலையின் உள்வெளியும் தண்டின் உள்வெளியும் தடையில்லாமல் ஒரே அறையாக, அச்சில் வார்த்ததுபோல இருக்கும். உள்சுவர் வெளிர் நிறத்தில், மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். தலையின் கீழ்விளிம்பு தண்டோடு ஒட்டியிருக்கும், விரல் நுழையாது.

வெர்பா என்ற போலி, மோரலுக்குச் சற்று முன்னதாகவே வரும். தலை சுருக்கம் விழுந்து, தண்டின் உச்சியில் மட்டும் ஒட்டி, மற்றபடி பாவாடைபோலத் தொங்கும். பிளந்தால் தண்டுக்குள் பஞ்சு திணித்ததுபோல வெள்ளையாக இழை இருக்கும்.

ஜைரோமிட்ரா என்ற போலிதான் ஆபத்தானது. செம்பழுப்பு நிறம், ஊசியிலை மரங்களின் கீழே, மணற்பாங்கான மண்ணில் வரும். தலையில் குழிகள் இருக்காது. மூளையின் மடிப்புபோல அல்லது அக்ரூட் பருப்புபோல வளைந்து நெளிந்திருக்கும். பிளந்தால் ஒரே அறையாக இருக்காது, குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள் ஓடி பல அறைகளாகப் பிரிந்திருக்கும். இதிலிருக்கும் ஜைரோமிட்ரின் உடம்புக்குள் போனதும் மோனோமெத்தில் ஹைட்ரசீனாக மாறுகிறது. ராக்கெட் எரிபொருளாகப் பயன்படுத்திய பொருள் அது. கல்லீரலையும் நரம்பையும் தாக்கும். வேகவைக்கும்போது வரும் ஆவியிலேயே நஞ்சு உண்டு. வேகவைத்து நீரைக் கொட்டினால் சாப்பிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

நான் அடுப்படி வரை கொண்டுபோனது இதைத்தான். ஏழு காளான்கள். முதல் ஆறும் நல்ல மோரல். அந்த மகிழ்ச்சியில் ஏழாவதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, நிறமும் உயரமும் அதேபோல இருந்தது. சமைக்கும் முன் எறும்பைத் தட்டுவதற்காகத்தான் எல்லாவற்றையும் பிளந்தேன். ஆறும் வெற்றுக்கூடுகளாக வரிசையாக இருந்தன. ஏழாவதில் கத்தி லேசாகச் சிக்கிச் சிக்கி இறங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைச் சுவர்கள், சின்னச் சின்னப் பொந்துகள். அந்தக் கூடையில் இருந்த எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து காட்டிலேயே, பறித்த இடத்திலேயே பிளந்து பார்க்கிறேன்.

தலை பாதிவரை மட்டும் ஒட்டியிருக்கும் இன்னொரு மோரல் வகையும் உண்டு. உண்ணக்கூடியதுதான். ஆனால் வெர்பாவோடு குழம்பும். முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

8. நம்பக் கூடாதவை

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம். பூண்டு நிறம் மாறினால் விஷம். நத்தையும் மானும் தின்றால் நாமும் தின்னலாம். ருசியாக இருந்தால் நல்லது. நன்றாகக் கொதிக்கவைத்தால் எந்த விஷமும் போய்விடும். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. அமானிட்டாவில் இருக்கும் அமடாக்சின் கொதித்தாலும் வறுத்தாலும் காய்ந்தாலும் உறைந்தாலும் அழியாது. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் போன் செயலிகள். படம் எடுத்தால் பெயர் சொல்லும். எந்தக் குடும்பம் என்று ஒரு திசை காட்ட உதவும், அவ்வளவுதான். உள்ளே எப்படி இருக்கிறது, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, எப்படி மணக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. செயலி சொன்னதை வைத்து எதையும் வாயில் வைக்காதீர்கள்.

9. தெரிந்தவரிடம் காட்டுங்கள்

முதல் வருடம் நீங்கள் பறித்த எதையும், எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அனுபவசாலி ஒருவர் கையில் வாங்கிப் பார்க்காமல் சாப்பிடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் பல ஊர்களில் இதற்கென்றே பயிற்சி பெற்ற பரிசோதகர்கள் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் காளான் சங்கங்களும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளும் உதவலாம். பரிசோதனை நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப பறிக்கப் போங்கள். ஞாயிறு மாலை பறித்துவிட்டுப் புதன்கிழமை வரை காத்திருந்தால் காளான் தாங்காது.

கொண்டுபோகும்போது வகைவாரியாகத் தனித்தனிப் பையில், முழுசாக ஒன்று, பிளந்தது ஒன்று. முளைத்த இடத்தின் படமும் பக்கத்தில் என்ன மரம் என்ற குறிப்பும் சேர்த்துக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகக் குறையும். அவர் வேண்டாம் என்றால் விவாதம் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு அங்கேயே குப்பையில் போட்டுவிடுங்கள்.

10. முழுசாக வேகவைத்து, கொஞ்சமாக

மோரலைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. 2023 வசந்தத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு உணவகத்தில் மோரல் சாப்பிட்ட 51 பேருக்கு உடம்பு கெட்டது; 2 பேர் இறந்தார்கள். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறியது அங்கே தெரியவந்தது. அவை காட்டில் தவறாகப் பறித்தவைகூட இல்லை, வளர்த்து விற்ற உண்மையான மோரல்கள்.

பிளந்த காளானை ஓடும் நீரில் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். அகலமான வாணலியில் நெருக்காமல் பரப்பி, விடும் நீரெல்லாம் வற்றி ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். நான் 15 நிமிடத்துக்குக் குறைவாக ஒருபோதும் செய்வதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காயவைத்த மோரலை ஊறவைத்தால் மெத்தென்று ஆகிவிடும், வெந்ததுபோலத் தோன்றும். அதையும் இதே அளவு வேகவைக்க வேண்டும்.

முதல் முறை இரண்டு மூன்று துண்டுகள் மட்டும். மறுநாள் வரை பாருங்கள். நல்ல காளானே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மதுவோடு சேர்த்துச் சாப்பிட்டுச் சிலருக்கு வாந்தி வந்திருக்கிறது, எனவே அன்றைக்கு மது வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் உங்கள் முதல் வருடக் காளானைக் கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதும் நல்லதில்லை. மருத்துவமனைக்கு வண்டி ஓட்ட ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும்.

மிச்சத்தைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால், 50 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஒடித்தால் சடக்கென்று உடையும் வரை காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து, பறித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

11. உடம்பு சரியில்லை என்றால், மணியைப் பாருங்கள்

சாப்பிடும் முன்பே இரண்டு வேலை. சமைக்காத காளான் ஒன்றிரண்டைக் காகிதப் பையில் தனியாக எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பையின் மேல் பறித்த இடம், தேதி, சாப்பிட்ட மணி மூன்றையும் எழுதுங்கள். உங்கள் நாட்டின் விஷமுறிவு உதவி எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் வயிற்றைக் கெடுக்கும் வகையாக இருக்கலாம். அதற்கும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஆனால் 6 மணி நேரம் கழித்து, 12 மணி நேரம் கழித்து, ஏன் மறுநாளேகூட வாந்தியும் பேதியும் தொடங்கினால் அது மிகப் பெரிய அபாய அறிகுறி. அமடாக்சினும் ஜைரோமிட்ரினும் இப்படித்தான் தாமதமாக வேலையைத் தொடங்கும். அமடாக்சின் விஷயத்தில் இன்னொரு கொடுமை உண்டு. ஒரு நாள் வாந்தி பேதிக்குப் பிறகு எல்லாம் நின்று, உடம்பு தேறிவிட்டதுபோல இருக்கும். சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போகும்போது செய்ய முடிவது குறைந்துபோயிருக்கும்.

வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். அறிகுறி இல்லாவிட்டாலும், தவறான காளானைச் சாப்பிட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்த நிமிடமே அழையுங்கள். மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: காட்டுக் காளான் சாப்பிட்டேன், இத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், இத்தனை மணிக்குத் தொடங்கியது. உங்களோடு அதே காளானைச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள். குளிர்பெட்டியில் வைத்த அந்தக் காகிதப் பையை வண்டிச் சாவியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். என்ன காளான் என்று மருத்துவருக்குக் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.